எள்ளும் தண்ணீரும் விட இன்னும் 54,650 ரிங்கிட் குறைகிறது

அன்புடையீர், வணக்கம்.

வரும் புரட்டாசி மகாளய அமாவாசையன்று 34 முதியவர்களைச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, அழைத்துப் போகிறோம். ஜப்பான்காரன் காலத்தில் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதையில் மடிந்த தங்கள் உறவுகளுக்கு, அவர்கள் மடிந்த ஆற்றங்கரையிலேயே பெயர் சொல்லித் திதி கொடுக்கப் போகிறார்கள். எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள். எல்லோரும் அந்தப் பாதைக்குத் தகப்பனையோ தமையனையோ பறிகொடுத்தவர்கள். சென்ற தீபாவளிக்குப் பெயர் எடுத்தபோது பட்டியலில் 41 பேர் இருந்தார்கள். ஏழு பேர் இன்று இல்லை. பயணச் சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் ஆகஸ்ட் 31-க்குள் முழுப் பணமும் கட்டியாக வேண்டும். கையிருப்பு போதவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஏன் மகாளய அமாவாசை என்று இளையவர்கள் சிலர் கேட்டார்கள். இறந்த நாள் தெரிந்தால்தானே வருஷத் திதி கொடுக்க முடியும்? சயாமுக்குப் போனவர்கள் என்றைக்குச் செத்தார்கள், எந்த மேட்டில் கிடக்கிறார்கள், புதைத்தார்களா எரித்தார்களா, ஒன்றும் வீடு வந்து சேரவில்லை. திரும்பி வந்த யாரோ ஒருவர், “உன் புருஷன் பேதியில படுத்திருந்தான், நான் பார்த்தது அதுதான் கடைசி” என்று சொன்னதுதான் தோட்டத்தில் பல லயன் வீடுகளில் இழவுச் செய்தி. அந்தச் சொல்லும் கிடைக்காத வீடுகளில், தாலியை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பெண்கள் பத்து வருஷம், இருபது வருஷம் பொட்டோடு வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். திதி தெரியாமல் போனவர்களுக்கென்று நம் பெரியவர்கள் வைத்த நாள் மகாளய அமாவாசை. இத்தனை பேருக்கும் அந்த ஒரு நாள்தான் இருக்கிறது.

ரவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த ஓர் அம்மா எங்கள் பட்டியலில் இருக்கிறார். வயது 86. அப்பா போனபோது கைக்குழந்தையை விடச் சற்றுப் பெரியவர், முகம் நினைவில்லை. வீட்டில் மிஞ்சியது ஒரு பித்தளைச் சொம்பு. அதன் கழுத்தோரம் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர். முதல் இரண்டு எழுத்தும் கடைசி எழுத்தும் தெரிகின்றன. நடுவில் உள்ளவை, அவருடைய தாயார் புளி போட்டுத் துலக்கித் துலக்கியே தேய்ந்துவிட்டன. பதிவு எடுக்க நாங்கள் போனபோது அந்தச் சொம்பை முந்தானையில் சுற்றி எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார். பேசிய முக்கால் மணி நேரமும் அதன் விளிம்பிலிருந்து விரலை எடுக்கவில்லை. “இந்தச் சொம்புல அந்த ஆத்துத் தண்ணிய மொண்டு எங்கப்பன் பேரச் சொல்லி ஊத்தணும் தம்பி. அதுக்கப்புறம் என்ன வேணா ஆவட்டும்” என்றார். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் மகள் எள்ளும் தண்ணீரும் விடலாமா என்று குழுவிலேயே ஒரு பேச்சு எழுந்தது. குருக்களிடம் கேட்டோம். பெற்ற பிள்ளை விட்டால் போய்ச் சேரும் என்று சொல்லிவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இந்த நாட்டு ரயிலுக்கும் நமக்கும் உள்ள உறவு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, சொல்லியாக வேண்டும். 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் வண்டி ஓடியது. அடுத்த ஆண்டே கோலாலம்பூருக்குக் கிள்ளான் பக்கமிருந்து பாதை வந்தது. காடு வெட்டிய கையும், சதுப்பில் மண் கொட்டிய கூடையும், சிலிப்பர் கட்டை சுமந்த தோளும் பெரும்பாலும் தமிழனுடையவை. செந்தூல் ரயில்வே பட்டறையில் இஞ்சினைக் கழற்றி மாட்டியவர்களும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களும் நம்மவர்கள். எங்கள் குழுவின் மூத்தவர்களில் ஐந்து பேர் அந்தப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். “ரயில்வேக்காரன் மகன்” என்று சொல்லும்போது இன்றும் அவர்கள் மார்பு நிமிரும். அந்தப் பெருமை நியாயமானது. அதனால்தான் அதன் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது என்கிறோம்.

ஜப்பான்காரன் காலத்தில் ரப்பரை வாங்க ஆளில்லை. தோட்டத்தில் வேலையில்லை, அரிசியில்லை, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. அந்த நேரத்தில்தான் சயாமில் வேலை என்று வந்தார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்றார்கள். சிலர் நம்பிப் போனார்கள். பலரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சரக்கு வண்டிப் பெட்டிக்குள் நாள்கணக்கில் நின்றும் குந்தியும் போய் சயாமின் பான் போங்கில் இறங்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடந்தார்கள். போட வேண்டிய பாதை சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். அந்த அவசரத்தின் விலை மனித உயிர். நம் மூத்தவர்கள் சொல்லிச் சொல்லி மாளாத ஒன்று உண்டு. அங்கே போட்ட தண்டவாளத்தில் ஒரு பகுதியே மலாயாவிலிருந்து போனதுதான். தம்பின்–மலாக்கா கிளைப் பாதையைப் பிடுங்கினார்கள், கிழக்குக்கரைப் பாதையில் ஒரு பகுதியைப் பிடுங்கினார்கள். நம் தாத்தாக்கள் இங்கே போட்ட தண்டவாளத்தையும் கொண்டுபோய், அதை அங்கே போட அவர்களுடைய பிள்ளைகளையும் கொண்டுபோனார்கள்.

1943 மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அந்தப் பாதையில் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களிடம் இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய அதிகாரிகள் இறந்தவன் பெயரையும் நாளையும் இடத்தையும் குறித்து ஒளித்து வைத்தார்கள். நம்மவர்களுக்கு மருத்துவரும் இல்லை, பெயர் எழுத ஆளும் இல்லை. மலாயா, பர்மா, ஜாவா என்று பல நாடுகளிலிருந்து போன ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் மடிந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் தமிழரே பெரும்பான்மை. மலாய்க்காரர்களும் சீனர்களும் போனார்கள், அவர்கள் பெயரும் நாங்கள் சேர்க்கும் பெயர் ஏட்டில் உண்டு. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் 6,982 போர்க்கைதிகள் அடங்கியிருக்கிறார்கள். வெட்டிய புல், பூச்செடி, வரிசை வரிசையாகக் கல். அதைப் பார்த்து நாங்கள் பொறாமைப்படவில்லை, அவர்களும் பட்ட பாடுதான். ஆனால் ஒரு மணி நேரம் அந்த வரிசைகளுக்குள் நடந்துவிட்டு வெளியே வந்தபோது எங்களில் யாரும் யாரோடும் பேசவில்லை.

இன்று அது ஒரு சுற்றுலாப் பாதை. பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து ‘நாம் தோக்’ என்ற நிலையம் வரை தினமும் வண்டி ஓடுகிறது. வெளிநாட்டவருக்கு டிக்கெட் 100 பாட். சன்னலெல்லாம் திறந்தே இருக்கும். ஒரு பக்கம் கரும்புக் காடு, மரவள்ளிக் காடு. தூரத்தில் நீல மலை. வாங் போ வந்ததும் வண்டி ஆள் நடக்கும் வேகத்துக்கு இறங்கிவிடும். ஒரு பக்கம் கையை நீட்டினால் தொடும் தூரத்தில் பாறை, மறுபக்கம் கீழே குவாய் நோய் ஆறு, நடுவில் மரத்தூண்களின் மேல் பாதை. கட்டை முனகும் சத்தம் காலுக்கடியில் கேட்கும். எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே பக்கம் சாய்ந்து படம் எடுப்பார்கள். நாம் தோக் என்றால் தாய் மொழியில் அருவி என்று பொருள். அங்கே தண்டவாளம் முடிகிறது, பக்கத்திலேயே சாய் யோக் நோய் அருவி. அதற்கப்பால் பழைய பாதை மூங்கிலும் தேக்கும் வளர்ந்த சாய் யோக் தேசியப் பூங்காப் பக்கமாக மலைக்குள் போகிறது. 1980-ல் அமைந்த பூங்கா. குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து அருவியில் குளித்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். அழகான இடம். அழகாக இருப்பதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, நம் ஆட்கள் அந்த நிழலில்தான் படுத்திருக்கிறார்கள். அந்த வண்டியில் ஒரு நாள் நம் முதியவர்களும் உட்கார்ந்து, வேடிக்கை பார்க்க மட்டும் இல்லாமல், கும்பிட்டுக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

போர் முடிந்தபின் அந்தப் பாதையைத் தாய்லாந்து அரசு 12,50,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. இரும்புக்கு ஒரு விலை இருந்தது. 2023-ல் காஞ்சனபுரியில் தாவோர்ன் வராராம் விகாரையில் நம்மவர்களுக்கு ஒரு நடுகல் எழுந்தது, அதை நாட்டிய நல்லவர்களுக்கு எங்கள் கைகூப்பு. எங்கள் வேலை கல் நாட்டுவது இல்லை. பெயர் சேர்ப்பது. இதுவரை 612 பெயர்கள் சேர்ந்திருக்கின்றன, தோட்டத்தின் பெயரோடும் சொந்தக்காரர் சொன்ன விவரத்தோடும். அந்தப் பெயர் ஏட்டை அச்சிட்டு, அமாவாசையன்று ஆற்றங்கரையில் முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை வாய்விட்டுப் படிப்போம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறோம். முதியவர்கள் 34, துணைக்குப் போகிறவர்கள் 16, ஆக 50 பேர். ஆளுக்கு 2,150 ரிங்கிட் வீதம் ரயில், பேருந்து, தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி எல்லாம் சேர்த்து 107,500. பெயர் ஏடு ஆயிரம் பிரதி அச்சிட 14,000. முதியவர்கள் பேச்சை ஒளிப்பதிவு செய்ய 9,200. தாதி ஒருவர், சக்கர நாற்காலிகள், மருந்து 6,500. பூசைச் சாமான், குருக்கள் செலவு 3,800. மொத்தம் 141,000. வந்தது 86,350. குறைவது 54,650. துணைக்குப் போகும் 16 பேரில் குழு உறுப்பினர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரும் தங்கள் பங்கைக் கைக்காசில் கட்டிவிட்டார்கள், வந்த பணத்தில் அதுவும் அடக்கம். ஏன் விமானத்தில் போகக் கூடாது என்று கேட்கிறார்கள். வயதானவர்களுக்கு அதுதான் சுலபம் என்று நாங்களும் சொல்லிப் பார்த்தோம். முதியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பன் போன வழியில்தான் போவேன் என்கிறார்கள். கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரலில் ஏறி, எல்லையில் உள்ள பாடாங் பெசாரில் மாறி, ரயிலிலேயே போகிறோம்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? கிள்ளானிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை அம்மா ஒருவர் மாதம் தவறாமல் 200 வெள்ளி (ரிங்கிட்) அனுப்புகிறார், ரசீது வேண்டாம் என்கிறார், நாங்கள் அனுப்பத்தான் செய்கிறோம். செந்தூல் பாசாரில் அப்பம் சுட்டு விற்கும் அக்கா, வெள்ளிக்கிழமை வியாபாரத்தை மூன்று வாரம் அப்படியே உண்டியலில் போட்டார். கோவில் மாதர் பிரிவு முறுக்கும் அதிரசமும் விற்று 4,120 வெள்ளி கொண்டுவந்தது, அடுப்படியில் நின்ற கைகளை நாங்கள் அறிவோம். இரும்புக்கடைத் தவுக்கே (சீன முதலாளி) ஒருவர் 5,000 கொடுத்துவிட்டு, தன் பாட்டனாரின் அண்ணனும் சயாமுக்குப் போனவர்தான் என்றார், பெயரைச் சீனத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறோம். ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற மலாய்க்காரப் பெரியவர் நான்கு சக்கர நாற்காலிகளை இரவல் வாங்கித் தந்ததோடு, பாடாங் பெசாரில் தானே வந்து நின்று வண்டி மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சிலர் உண்டியலை உடைத்து 63 வெள்ளி 40 காசு கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லாம் பத்துக் காசும் இருபது காசும். பொருளாளர் எண்ணி முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இனிச் சொல்வதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சித்திரையில் நடந்த விருந்தில் மேடையேறி நன்கொடை அறிவித்தவர்கள் 23 பேர். கைதட்டினோம், மாலை போட்டோம். கொடுத்தவர்கள் ஒன்பது பேர். மீதிப் பதினான்கு பேரின் வாக்கு நிறைவேறினால் குறைவதில் பாதி தீர்ந்துவிடும். யார் பெயரையும் நாங்கள் வெளியிட மாட்டோம். ஆனால் சபையில் சொன்ன சொல் முன்னோரும் கேட்ட சொல். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு நூறு மேசை போடுகிறோம், பிறந்த நாளுக்கு மண்டபம் எடுக்கிறோம், போடட்டும், எடுக்கட்டும், உழைத்த காசு. அதில் ஒரு மேசைக் காசு, சோறில்லாமல் செத்த தாத்தாவுக்கு ஒரு பிடி எள்ளாகப் போகக் கூடாதா? பெற்ற தாயைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, துணைக்கு வர ஆளில்லை என்று இரண்டு குடும்பங்கள் சொல்லிவிட்டன. அந்த இரண்டு தாயார்களையும் நாங்கள் அழைத்துப் போவோம். பிள்ளைகள் ரயில் நிலையம் வரையாவது வந்து ஏற்றிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒரு முதியவரின் முழுச் செலவையும் ஏற்க விரும்புகிறவர்கள் 2,150 ரிங்கிட் கொடுக்கலாம். பெயர் ஏட்டில் ஒரு பக்கத்தை ஏற்க 100. அதற்குக் கீழே அளவில்லை, ஐந்து வெள்ளிக்கும் ரசீது உண்டு. இந்த மாதமும் அடுத்த மாதமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை 4 மணியிலிருந்து 7 வரை செந்தூல் கோவில் மண்டபத்தில் எங்கள் மேசை இருக்கும். பணத்தைக் குழு உறுப்பினர் யாரிடமும் தனியாகக் கொடுக்க வேண்டாம், மேசையில் கொடுத்து ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு முழுவதும் பயணம் முடிந்த ஒரு மாதத்துக்குள் அதே மண்டபத்தில் ஒட்டப்படும்.

பணம் கொடுக்க முடியாதவர்களும் வாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவர் பெயர் தெரிந்தால் கொடுங்கள். பெயர் கொடுக்கிறவர்களிடம் உண்டியலை நீட்ட மாட்டோம். தோட்டத்தின் பெயர் மட்டும் தெரிந்தாலும் சரி. பாட்டி கூப்பிட்ட செல்லப் பெயர் மட்டும் தெரிந்தாலும் சரி. பழைய சொம்பிலோ தட்டிலோ வெட்டிய பெயர் இருந்தால் எடுத்து வாருங்கள். எழுத்து தேய்ந்திருந்தால் தெரிகிற எழுத்தை மட்டும் எழுதிக்கொள்வோம், அப்படியே படிப்போம்.

இப்படிக்கு,
பயணக் குழுவினர்,
செந்தூல், கோலாலம்பூர்