மகளுக்கு எத்தனை ஏக்கர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெண்ணியத்தின் வரலாறு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை முதல் அலை, இரண்டாம் அலை, மூன்றாம் அலை என்று மேல்நாட்டுக் கணக்கை வரிசையாகச் சொல்லிவிட்டு, தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கியிருந்தது. செங்கல்பட்டு மாநாட்டின் பெயர் அதில் இருக்கிறது. அங்கே கேட்கப்பட்டது என்ன, கேட்டது எப்போது கிடைத்தது என்ற விவரம் இல்லை. பெண்ணியத்தை அரசியல் கொள்கை என்று சொன்னால் அந்தக் கணக்கைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் சவுந்தரபாண்டியன் தலைமையில் கூடிய அந்தச் சுயமரியாதை மாநாடு, ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கும் சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அன்று இங்கே நடப்பில் இருந்த மிதாட்சரம் என்ற பழைய இந்து வாரிசு முறைப்படி பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறந்தவுடனே பங்கு. மகளுக்குக் கல்யாணம் வரை சோறும் துணியும், பிறகு கல்யாணச் செலவும், அவ்வளவுதான். 1937 சட்டம் விதவைக்கு ஒரு பங்கு தந்தது. ஆனால் அது அவள் ஆயுளோடு முடிகிற பங்கு. நினைத்தபடி விற்கவோ எழுதிவைக்கவோ முடியாது. மகளைப் பற்றி அந்தச் சட்டத்தில் பேச்சே இல்லை. மகளுக்குச் சமபங்கு என்று அம்பேத்கர் முன்வைத்த இந்து சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேறாமல் கிடப்பில் போனதும், 1951 செப்டம்பரில் அவர் அமைச்சர் பதவியைத் துறக்க முக்கியக் காரணங்களில் ஒன்று.

1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண் கையில் இருந்த ஆயுள் உரிமையை முழு உரிமையாக்கியது. அது பெரிய மாற்றம். ஆனால் அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனின் பிறப்புரிமையைத் தொடாமல் விட்டது. விளைவை ஒரு கணக்கில் காட்டலாம். ஒரு குடும்பத்துக்குப் பூர்வீக நிலம் 12 ஏக்கர். அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். அப்பா உயில் எழுதாமல் இறக்கிறார். அவர் இறப்பதற்குச் சற்று முன் பாகம் பிரித்ததாகக் கற்பனையாகக் கொள்ள வேண்டும்: அப்பாவுக்கு 4, மகன்களுக்குத் தலா 4. அப்பாவின் அந்த 4 ஏக்கர் மட்டுமே அம்மா, மகன்கள், மகள் என நால்வருக்கும் ஆளுக்கு 1 ஏக்கராகப் பிரியும். கடைசியில் மகனுக்கு 5 ஏக்கர், மகளுக்கு 1 ஏக்கர். சமபங்கு என்று பேசப்பட்ட சட்டத்தின் கணக்கு இது.

இதைத் திருத்த தென்மாநிலங்கள் இரண்டு வழிகளில் போயின. கேரளம் 1975-இல் சட்டம் இயற்றி, பிறப்புரிமை என்பதையே ஆண், பெண் யாருக்கும் இல்லாமல் ஒழித்தது. ஆந்திரம் 1985 முதல் மகளையும் பிறப்பால் பங்காளி ஆக்கியது. அதே வழியில் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வரும்படி சட்டம் செய்தது. செங்கல்பட்டு மாநாட்டிலிருந்து 60 ஆண்டுகள். என் பார்வையில் இரண்டாவது வழிதான் மகளுக்குப் பாதுகாப்பு. பிறப்புரிமை இல்லாத இடத்தில் அப்பா ஒரு உயிலில் எல்லாவற்றையும் மகன் பேருக்கு எழுதிவிடலாம். மகள் பங்காளியாக இருந்தால் அவளுடைய பிறப்புப் பங்கில் அந்த உயில் கை வைக்க முடியாது. மேலே சொன்ன 12 ஏக்கரை இந்த முறையில் பிரித்தால் அப்பாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் தலா 3. அப்பாவின் 3 ஏக்கர் மறுபடி நால்வருக்கு முக்கால் முக்காலாகப் போகும். மகளுக்கும் மகனுக்கும் ஒரே அளவு: 3.75 ஏக்கர். அம்மாவுக்கு முக்கால் ஏக்கர். தமிழில் 'பங்காளி' என்ற சொல் அதுவரை ஆணுக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பதை நினைத்தால் அந்த மாற்றத்தின் கனம் புரியும்.

ஆனால் 1989 சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆன மகளுக்கு இந்த உரிமை கிடையாது. அக்காவுக்குப் பிப்ரவரியில் கல்யாணம், தங்கைக்கு ஏப்ரலில் கல்யாணம் என்றால் தங்கை பங்காளி, அக்கா இல்லை. 2005 செப்டம்பர் 9 முதல் வந்த மத்தியத் திருத்தம்தான் இதை நீக்கியது. அதன் பிறகும், அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, பல வழக்குகள் அடிபட்டன. 2020 ஆகஸ்ட் 11 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த நிபந்தனையைத் தள்ளியது. 'வாய்மொழியாக எப்போதோ பிரித்துவிட்டோம்' என்ற வாதத்தையும் பொது ஆவண ஆதாரம் இல்லாமல் ஏற்கக் கூடாது என்றது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாலோ பாகம் பிரிந்திருந்தால் அது நிற்கும்.

இத்தனைக்குப் பிறகும் பங்கு கைநழுவும் இடம் சார்பதிவாளர் அலுவலகம். 'நகை போட்டு, சீர் செய்து அனுப்பினோமே' என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் அக்கா தங்கைகளிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். சீர் சட்டப்படி பங்குக்கு ஈடாகாது. ஆனால் பதிவான விடுதலைப் பத்திரம் பங்கை உண்மையிலேயே கரைத்துவிடும். ஏமாற்றி வாங்கியது என்றால், ஏமாற்று தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் ரத்து கேட்டு வழக்குப் போட வேண்டும். பட்டா அண்ணன் பெயருக்கு மாறியதாலேயே உரிமை போய்விடாது. ஆனால் உனக்குப் பங்கில்லை என்று ஒதுக்கியது தெரிந்த பின் 12 ஆண்டுகள் சும்மா இருந்தால் போய்விடும். சொத்தின் அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவள் என்றால் பாகப்பிரிவினை வழக்குக்கு நீதிமன்றக் கட்டணமும் பங்கின் சந்தை மதிப்பில் கட்ட வேண்டும். பல பெண்கள் பின்வாங்குவது இங்கேதான்.

தங்கள் கட்டுரை தொடராக வரும் என்று அறிவித்திருப்பதால் ஒரு வேண்டுகோள். அதே 1956 சட்டத்தின் 15-ஆம் பிரிவு இன்னும் அப்படியே இருக்கிறது. பிள்ளை இல்லாத விதவை உயில் எழுதாமல் இறந்தால், அவள் சொந்தமாக உழைத்துச் சம்பாதித்த சொத்து முதலில் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். அவளைப் பெற்ற தாய் தந்தை அவர்களுக்குப் பின்னால்தான். கணவன் வீட்டார் அவளை விரட்டியிருந்தாலும் அதே வரிசைதான் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த பகுதியில் இந்தப் பிரிவைப் பற்றி எழுதுங்கள். அதுவரை, சம்பாதிக்கும் பெண்கள் தங்கள் கையால் ஒரு உயில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அவர்களையும் கையெழுத்திடச் சொல்லி வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செங்கல்பட்டு