அம்மாவின் விரலும் நீ எழுதும் நிரலும்

அன்புள்ள தம்பிக்கு,

குடியாத்தத்தில் அனைவரும் நலம். அம்மாவும் நலமாக இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது, ரேஷன் கடையில் நடந்ததை நான் சொல்லி முடிப்பதற்குள், "எங்கோ ஒருவர் இருவருக்குத்தான் இப்படி ஆகும் அக்கா, அதற்காக மொத்த முறையையும் குறை சொல்ல முடியுமா?" என்று கேட்டாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. நான்கு நாட்களாக அந்த "எங்கோ" என்ற சொல்லையே நினைத்துக்கொண்டிருந்ததில் இப்போது வந்திருக்கிறது. உன்னைப் போலவே ஆளை அடையாளம் காணும் மென்பொருளை எழுதுகிற பிள்ளைகள் இன்னும் பலர் இருப்பதால், அவர்களும் படிக்கட்டும் என்று இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நடந்ததை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். நான் திருமணமாகி வேறு அட்டைக்கு வந்துவிட்டேன், நீ பெங்களூருவுக்குப் போனபோது உன் பெயரையும் எடுத்துவிட்டோம், அதனால் அந்தக் குடும்ப அட்டையில் இப்போது இருப்பது அம்மா ஒருவர்தான்; அவருக்குப் பதிலாகக் கைரேகை வைக்க வேறு ஆள் கிடையாது. பெருவிரலை வைத்தார், கருவி ஏற்கவில்லை. ஆள்காட்டி விரலை வைத்தார், அதையும் ஏற்கவில்லை. விற்பனையாளர் பொறுமையான மனிதர், கருவியின் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கச் சொன்னார். பின்னால் நின்ற ஒரு பெண், "தலையில தேய்ச்சுட்டு வைங்கம்மா, எண்ணெய் பட்டா எடுக்கும்" என்றார். அம்மா அப்படியே செய்தார். ஏழெட்டு முறை ஆயிற்று. ஓடிபி அனுப்பலாம் என்றால், அது போகும் எண் அப்பா இருந்த காலத்தில் வாங்கிய சிம், எப்போதோ செத்துப் போனது. வரிசை நீண்டுகொண்டே இருந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை என்றாலும், அம்மா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வரிசையை விட்டு ஒதுங்கிவிட்டார். வீடு வரும்வரை பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "என் கையே என்னை இல்லன்னு சொல்லிடுச்சு" என்றார்.

அந்தக் கை என்ன செய்த கை என்று உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். முந்தின இரவே பீடி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார். விடிந்ததும் தகட்டை வைத்துக் கத்தரிப்பார். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலையில் தூளைப் பரப்பி, இரண்டு கைகளின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டி, நூலைச் சுற்றி, முனையை நகத்தால் மடித்துவிடுவார். ஒரு நாளைக்கு 800 பீடி, ஆண்டுக்கு 250 நாள், 35 ஆண்டுகள் என்று குறைத்தே வைத்துக் கணக்குப் போட்டேன். 70 லட்சம் வருகிறது. 70 லட்சம் முறை உலர்ந்த இலையின் நரம்பின் மேல் அந்த இரண்டு விரல்களும் உருண்டிருக்கின்றன. நீ படித்த பொறியியல் கல்லூரியின் கட்டணமும் அந்த முறத்திலிருந்துதான் போயிற்று.

பொங்கலுக்கு வந்தபோது நீயே எனக்கு விளக்கினாய். கருவி விரலைப் படம் பிடித்தாலும், ஒப்பிட்டுப் பார்ப்பது முழுப் படத்தை அன்று, ரேகைகள் எங்கே முடிகின்றன, எங்கே கிளை பிரிகின்றன என்ற புள்ளிகளைத்தான் என்றாய். அப்படியானால் ரேகை தேய்ந்த விரலில் அந்தப் புள்ளிகள் எங்கிருந்து கிடைக்கும்? வயதானால் தோல் உலர்ந்து தளர்ந்து போவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே இது அம்மா விரலை வைத்த விதத்தில் வந்த பிழை ஆகாது.

இப்போது உன் "எங்கோ" என்ற சொல்லுக்கு வருகிறேன். நாடு முழுவதற்கும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அது சின்ன எண்ணாகவே தெரியும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சின்ன எண் நாடு முழுவதும் சீராகத் தூவிக் கிடக்கவில்லை, தம்பி. அது சில தெருக்களில் வந்து குவிகிறது. நம் தெருவில் எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு இதே தொல்லை, அவர் மருமகளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, அவருக்கும் இதே தொல்லை. பேரணாம்பட்டில் பீடி சுற்றும் பெண்கள், அங்கேயும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் இடங்களில் சுண்ணாம்பிலும் இரசாயனத்திலும் கை வைத்தவர்கள், நம் ஊர்த் தீப்பெட்டித் தொழிலிலும் கைலித் தறியிலும் காலம் கழித்தவர்கள், கல் உடைப்பவர்கள் என்று இந்தப் பழைய வடார்க்காட்டு மண்ணில் கையை நம்பிப் பிழைத்தவர்களை வரிசையாக நிறுத்திப் பார். உழைப்பால் விரல் தேய்ந்தவருக்கே அரிசி தேவை, அவரையே கருவி முதலில் திருப்பி அனுப்புகிறது. உன் அலுவலகத்தில் சோதித்துப் பார்க்கும் விரல்களெல்லாம் விசைப்பலகை தட்டும் விரல்கள். அவற்றில் இந்தக் குறை தெரிய வழியே இல்லை.

இன்னொன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, இரவு பீடிக் கட்டுகளை எண்ணி வைத்துவிட்டு அம்மா வகுப்புக்குப் போனது உனக்கு நினைவிருக்காது, நீ கைக்குழந்தை. நான் கூடப் போயிருக்கிறேன். கைநாட்டு என்று யாரும் சொல்லக் கூடாது என்ற ஒரே வைராக்கியத்தில் தன் பெயரை எழுதக் கற்றார். அதற்குப் பிறகு கடையிலும் வங்கியிலும் கையெழுத்துதான் போட்டார், மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக. அப்படிக் கற்றவரிடம் முப்பது ஆண்டு கழித்து, கையெழுத்து வேண்டாம், விரலை வை என்கிறோம். வைத்த பிறகு, இது உன் விரல்தானா என்று கேட்கிறோம்.

பழைய முறையே மேல் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. பதிவேட்டில் வாங்காத பொருளை வாங்கியதாக எழுதிய காலத்தையும் பார்த்தவள் நான். 2017இல் ஸ்மார்ட் அட்டை வந்ததும், 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தோடு கைரேகை வந்ததும் அந்தத் திருட்டுக்கு ஒரு பூட்டுப் போட்டன. இப்போது வாங்கினால் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. பூக்காரம்மாவுக்கு நானும் கியூஆர் பார்த்துத்தான் பணம் அனுப்புகிறேன், உன் மகளின் முகத்தைக் காணொளியில் பார்க்காமல் அம்மாவுக்கு இரவுச் சாப்பாடு இறங்குவதில்லை. பூட்டு தேவைதான். வீட்டுக்காரரையே வெளியே நிறுத்தும் பூட்டைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கடையோடு இது முடிவதும் இல்லை. அம்மாவுக்கு வரும் ஓய்வூதியம் மாதம் 1000 ரூபாய். அதற்கு ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதாகச் சான்று தர வேண்டும். 2014 நவம்பரில் அறிமுகமான மின்னணு வாழ்வுச் சான்றுக்கும் முதலில் கேட்டது இதே விரலைத்தான். பிறகு 2021இல் முகத்தைக் காட்டியே சான்று தரும் வசதி வந்தது. அதைக் கேட்டபோது, யாரோ நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்ச் செய்ததுபோல் இருந்தது எனக்கு. ரேஷன் கடைகளில் கருவிழி பார்க்கும் கருவியும் வந்துகொண்டிருக்கிறது, நம் கடைக்கு இன்னும் வரவில்லை. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கு வீட்டு வாசலிலேயே பொருள் தரும் வழியும் வந்தது. அம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு. அந்த வழி அவருக்குத் திறந்தாலும் வண்டியோடு கருவியும் சேர்ந்தேதான் வரும். வழிகள் பல இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் எந்த வழி எப்போது திறக்கும் என்று அறிந்துகொள்ள வேண்டிய பாரம் அறுபத்தெட்டு வயதுப் பெண்ணின் தலையில் இருக்கிறது.

நீ உன் வேலையில் செய்யக்கூடியதை மட்டும் கேட்கிறேன். மூன்று முறை விரல் பதியவில்லை என்றால், நான்காவது முறைக்காக அவரைக் கெஞ்ச வைக்காமல், அடுத்த வழியைத் திரை தானாகவே திறக்கட்டும். அந்தத் திரையில் "பொருந்தவில்லை" என்று சிவப்பில் காட்டாதே. வரிசையில் நிற்பவர்கள் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு ஆளைத்தான் பார்க்கிறார்கள். "கருவியால் படிக்க முடியவில்லை" என்று எழுது, அதுதான் உண்மையும்கூட. எந்த விரல் நன்றாகப் பதிகிறது என்று கண்டறியும் முறை ஆதாரில் உண்டு என்று நீயே சொன்னாய். அப்படியென்றால் ஒருமுறை பதிந்த விரலைக் கருவி நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் அதையே முதலில் கேட்கக் கூடாதா? இதைக் கேட்கக் காரணம், மறுநாள் காலையில் நாங்கள் திரும்பப் போனபோது அம்மாவின் இடது மோதிர விரல் முதல் முறையிலேயே பதிந்துவிட்டது. சுருட்டும்போது அதிகம் உராயாத விரல் அது. அரிசி வாங்கிக்கொண்டு வந்தோம். விற்பனையாளர் அட்டையின் உறையில் பேனாவால் "இ.மோ." என்று எழுதிக் கொடுத்தார், மறந்துவிடக் கூடாதென்று.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நீ எப்படியும் வருவாய். வரும்போது நீங்கள் சோதனைக்கு வைத்திருக்கும் கைரேகைக் கருவியில் ஒன்றை, அலுவலகத்தில் கேட்டு, கையோடு எடுத்து வா. திருவிழா முடிந்த மறுநாள் நம் தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேரைத் திண்ணையில் உட்கார வைக்கிறேன், அவர்களிடம் சொல்லியும் விட்டேன். எதிர்வீட்டுப் பெரியம்மா முதல் ஆளாக வருகிறேன் என்றிருக்கிறார்.

அன்புடன்,
உன் அக்கா