ஆங்கில "ஒவ்" (of) என்றால் "உடைய" என்று இனியும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சாயந்தர நேரங்களில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் நடந்த ஒரு விஷயத்தை உங்கள் பத்திரிகை மூலமாக மற்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் படிக்கும் தரம் 10 பிள்ளை ஒருத்தியின் அம்மா கொழுந்து எடுக்கும்போது குளவிக் கொட்டுக்கு இலக்காகி இரண்டு நாள் வைத்தியசாலையில் இருந்தார். வேலைக்குப் போகாத நாட்களுக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். வீட்டில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான், அவளே கடிதம் எழுதிக் கொடுத்தாள். கொண்டுபோன இடத்தில் படித்துப் பார்த்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று விளங்கவில்லை எனத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை அழுதுகொண்டு என்னிடம் கொண்டுவந்தாள். கொப்பித்தாளில் அழகான எழுத்து. முதல் வரி இதுதான்: "வோஸ்ப்ஸ் ஸ்டங் ஒவ் மை மதர் ஹெட்."

ஏன் அங்கே "ஒவ்" போட்டாய் என்று கேட்டேன். "அம்மாவுடைய தலை டீச்சர், உடைய என்றால் ஒவ்தானே" என்றாள். அவள் மேல் எந்தப் பிழையும் இல்லை. எங்கள் பிள்ளைகள் கையில் இருக்கும் கைநூல்களில் அப்படித்தான் இருக்கிறது, நாமும் அப்படித்தான் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். ஒவ் சமன் உடைய. அதை மனப்பாடம் செய்த பிள்ளை வேறு எப்படி எழுதுவாள்?

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், இந்தச் சிக்கலை அவிழ்க்கும் வழி நம் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஆறாம் வேற்றுமை, அதாவது "உடைய" சேர்ந்த சொல், பெயரைக் கொண்டுதான் முடியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, நன்னூல் சொல்வது அதுதான். "அம்மாவுடைய" என்று சொன்னால் அடுத்து தலை, கூடை, பெயர் என்று ஏதோ ஒரு பெயர்ச்சொல் வந்தாக வேண்டும், "அம்மாவுடைய கொட்டியது" என்று யாரும் சொல்வதில்லை. அதாவது உடைய என்பது வினையோடு ஒட்டவே ஒட்டாது. ஆங்கிலத்து ஒவ் அப்படியில்லை, பெயரோடும் ஒட்டும், வினையோடும் ஒட்டும். ஆகவே வினைச்சொல்லை ஒட்டிக்கொண்டு ஒவ் வந்தால் அது நம்முடைய உடைய இல்லை என்பதை ஒரு பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடலாம். இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

சரி, அந்தக் குளவி வரியை எப்படி எழுதுவது? "வோஸ்ப்ஸ் ஸ்டங் மை மதர் ஒன் த ஹெட்." தமிழில் வரிக்கு வரி அதேதான்: குளவிகள் அம்மாவைத் தலையில் கொட்டின. வலி அம்மாவுக்கு, அதனால் வினைக்குப் பக்கத்தில் அம்மா வருகிறார், தலை இடத்தைக் காட்ட மட்டும் பின்னால் வருகிறது. அம்மாவுடைய தலை என்று தனியாகச் சொல்லத் தேவையே இல்லை, "ஹேர் ஹெட்" என்றில்லாமல் வெறும் "த ஹெட்" வருவதும் அதனால்தான். அட்டை காலில் கடித்தது, தோளில் தட்டினார், கையைப் பிடித்து அழைத்துப் போனார் எல்லாம் இதே வகை. ஆனால் உடைப்பது வேறு. "அம்மாவைக் கையில் அடித்தான்" என்போம், "அம்மாவைக் கையில் உடைத்தான்" என்போமா? ஆங்கிலத்திலும் முடியாது, அங்கே "ப்ரோக் மை மதர்ஸ் ஆர்ம்" என்று உடைமையைச் சொல்லியே ஆக வேண்டும். அடித்தலும் உடைத்தலும் இப்படி வேறுபடுவதை சார்ல்ஸ் ஃபில்மோர் என்ற மொழியியலாளர் 1970இல் ஒரு கட்டுரையில் விரிவாகக் காட்டியிருக்கிறார். உடம்போடு சேர்ந்தது ஒரு வகை, கையில் வைத்திருப்பது இன்னொரு வகை என்று தற்கிழமை, பிறிதின்கிழமை எனப் பிரித்து வைத்தவர்கள் நாம். அதை வகுப்பில் எடுத்துச் சொன்னபோது பிள்ளைகள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

அப்புறம் "திஸ் பேக் இஸ் ஒவ் மீ" என்று எழுதுவது. இதுவும் அதே கோளாறுதான். "இந்தப் பை என்னுடைய" என்று தமிழில் நிறுத்துவோமா, "என்னுடையது" என்றுதானே முடிப்போம்? அந்த "அது" சேர்ந்த வடிவம்தான் "மைன்". பெயர் பின்னால் வந்தால் மை, தனியாக நின்றால் மைன். "பிலோங்ஸ் டு மீ" இன்னும் சுலபம், "எனக்குச் சொந்தம்" என்று நாமும் நான்காம் வேற்றுமைதான் போடுகிறோம். "எ ஃப்ரெண்ட் ஒவ் மைன்" மட்டும் பிள்ளைகளைக் கொஞ்சம் குழப்பும், ஒவ்வும் வருகிறது மைனும் வருகிறது என்று. "என் கூட்டாளிகளில் ஒருத்தன்" என்று விளக்கினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறார்கள்.

ரொப் (பறித்தல்), டிப்ரைவ் (இழக்கச் செய்தல்), கியூர் (குணமாக்கல்) போன்ற வினைகளுக்குப் பின்னால் வரும் ஒவ்வுக்கு வேறு கதை. "ரொப்ட் மீ ஒவ் மை பேர்ஸ்" (என் பணப்பையைப் பறித்தார்கள்) என்பதில் ஒவ் என்றால் உடைய என்று எடுத்தால் வாக்கியம் தலைகீழாகிவிடும். பழைய ஆங்கிலத்தில் ஒவ்வும் ஓஃப்பும் (off) ஒரே சொல், பொருள் "விட்டு, நீங்கி". 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு மொழியின் செல்வாக்கில் உடைமையைக் காட்டும் வேலை அதற்கு இன்னும் அதிகமாக வந்து சேர்ந்தது. அந்தப் பழைய "நீங்கி" இன்றும் இந்த வினைகளில் அப்படியே இருக்கிறது: பேர்ஸ் என்னை விட்டுப் போனது, நோய் ஆளை விட்டுப் போனது. ரிமைண்ட் (நினைவூட்டல்), கன்சிஸ்ட் (அடங்கியிருத்தல்) போன்றவற்றை வினையோடு சேர்த்தே பழகிக்கொள்ள வேண்டியதுதான், வேறு குறுக்குவழி இல்லை.

ஆங்கிலம் நம் இலங்கையில் 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு இணைப்பு மொழியானது. தமிழில் எழுத நமக்கு உரிமை இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் லயத்து வீடுகளில் அம்மா அப்பாவுக்காகக் கடிதம் எழுதுவது இந்தப் பதினைந்து வயதுப் பிள்ளைகள்தான், அவர்கள் எழுதும் ஒரு வரி பிழைத்தால் இரண்டு நாள் சம்பளம் பிழைத்துப் போகிறது.

உங்கள் பத்திரிகையில் மாணவர்களுக்கு ஆங்கிலம் போடும்போது ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் என்று பட்டியல் போடாமல், வினையையும் அதன் பின்னால் வருவதையும் ஒரு முழு வாக்கியமாக, பக்கத்தில் நாம் பேசும் தமிழோடு போடுங்கள். கொழுந்து, அட்டை, குளவி, மழை எல்லாம் அதில் வரட்டும். அந்தப் பிள்ளையின் கடிதத்தை இருவருமாக உட்கார்ந்து திருத்தி எழுதினோம். முதல் வரியை அவளே எழுதினாள், நான் வாயே திறக்கவில்லை. மறுநாள் அம்மாவே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார், வாங்கிக்கொண்டார்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியை,
கொட்டகலை.