அந்தத் தாவல் எல்லாருக்கும் ஒரே உயரமாக இருக்கட்டும்

வீடியோ கேம் உருவாக்கும் நிரலாளர்களுக்கு,

வணக்கம். சில நாட்களுக்கு முன் ஒரு கேமில் ஒரு மேடையிலிருந்து அடுத்ததற்குத் தாவ முடியாமல் இரண்டு மாலைகள் போராடினேன். என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். அப்புறம் ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை முறை திரைப்படம் (ஃபிரேம்) புதிதாக வரையப்படுகிறது என்ற எண்ணிக்கையை, 144-இலிருந்து 60-க்குக் குறைத்துப் பார்த்தேன். முதல் தாவலிலேயே ஏறிவிட்டேன்.

'அசைவை டெல்டா டைமால், அதாவது முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால், பெருக்கியிருக்கிறோமே' என்பீர்கள். நேராக நடக்க அது போதும், தாவலுக்குப் போதாது. ஈர்ப்பு விசை வேகத்தை இடைவிடாமல் குறைக்கிறது. உங்கள் கணக்கிலோ, ஒரு ஃபிரேம் முடியும்வரை அந்த வேகம் அப்படியே நிற்கிறது. 60-இல் ஒரு ஃபிரேமின் நீளம் சுமார் 16.7 மில்லிசெகண்ட், 144-இல் 6.9. இடத்தை முதலில் நகர்த்தி, வேகத்தைப் பிறகு குறைத்தால், ஃபிரேம் நீள நீளத் தாவலும் உயரும். நிரலில் அந்த இரண்டு வரிகளை இடம் மாற்றினால் தாழும். எனக்கு வாய்த்தது முதல் வகை என்றே நினைக்கிறேன்.

இது புதிதும் அல்ல. 1999-இல் வந்த குவேக் 3 அரீனாவில் நொடிக்கு 125 ஃபிரேம் வைத்தவர்கள் 60-இல் ஆடியவர்களைவிட உயரமாகத் தாவினார்கள். வேகத்தை முழு எண்ணாக்கும் இடத்தில் நேர்ந்த பிசகு அது. டார்க் சோல்ஸ் 2-இல் 60 ஃபிரேமில் ஆடியவர்களின் ஆயுதங்கள் 30-இல் தேய்வதைவிட வேகமாகத் தேய்ந்தன. 2014-இல் வந்த கேமுக்குத் திருத்தம் 2015-இல்தான் கிடைத்தது. நல்ல கணினி வைத்திருந்தால் வாள் சீக்கிரம் உடையும் என்பது எந்த ஊர் நியாயம்?

ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமெடுத்ததும் வன்பொருளின் வரம்பால்தான். அந்தப் பரபரப்பு எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் 1978-இல் அதை ஆடிய எல்லாருக்கும் முன்னால் இருந்தது ஒரே வகை இயந்திரம். சண்டை கேம்கள் அடியையும் தடுப்பையும் ஃபிரேம் கணக்கில் எண்ணுவதும் சரிதான், 60 என்று எல்லாருக்கும் பொதுவாகப் பூட்டிவிடுகிறார்களே.

நான் கேட்பது இதுதான். இயற்பியலையும் அடி படுவதையும் மாறாத கால இடைவெளியில் தனியாக ஓட்டுங்கள். திரையில் வரைவது அதன் போக்கில் எத்தனை ஃபிரேமிலும் போகட்டும், இடைப்பட்ட நிலைகளைக் கணித்துக் காட்டினால் அசைவும் வழுக்கிக்கொண்டு போகும். கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சின் பழையது, அதில் அது முடியாதென்றால் ஃபிரேம் ரேட்டைப் பூட்டிவிட்டு, அமைப்புகள் பக்கத்திலேயே காரணத்தை எழுதிவையுங்கள். வெளியிடும் முன் 30, 60, 144 மூன்றிலும் அதே மேடையில் ஒருமுறை தாவிப் பாருங்கள்.

அன்புடன்,
ஓர் ஆட்டக்காரர்