பேரனின் கேள்விக்கு

ரங்கூன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். நேற்று போனில் பேரன், "தாத்தா, கோள் எட்டா ஒன்பதா? அம்மா ஒன்பது என்கிறாள்" என்று கேட்டபோதே லைன் போய்விட்டது. உனக்கு ஒன்பது என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தானே, பதிலையும் நானே சொல்லிவிடுகிறேன்.

இப்போது எட்டுதான் கணக்கு. நீ படித்த காலத்தில் ஒன்பது சரி. 1930இல் அமெரிக்காவில் கிளைட் டாம்பா கண்டுபிடித்த நாள் முதல் புளூட்டோ ஒன்பதாவது கோளாகவே இருந்தது. 2005இல் அதற்கும் அப்பால் ஏரிஸ் என்று ஒன்று இருப்பது தெரியவந்தது. அளவில் ஏறக்குறைய புளூட்டோதான், நிறையில் அதைவிடக் கூடுதல். இதையும் கோள் என்றால் இன்னும் எத்தனை வருமோ? அதனால் 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஓட்டெடுத்து, கோள் என்றால் எது என்று முடிவு செய்தது.

அது சூரியனைச் சுற்ற வேண்டும். உருண்டையாக இருக்க வேண்டும். அம்மா கொழுக்கட்டை உருட்டும்போது கை எல்லாப் பக்கமும் அழுத்துகிறது அல்லவா, அந்த வேலையை அங்கே அதன் சொந்த ஈர்ப்பே செய்கிறது. சின்னப் பாறைக்கு அந்தப் பலம் இல்லை, உருளைக்கிழங்கு மாதிரி கோணலாகவே கிடக்கும்.

புளூட்டோ இந்த இரண்டிலும் தேறிவிட்டது. மூன்றாவதில்தான் நின்றுபோனது. கோள் என்றால் தான் போகிற பாதையில் கிடப்பதை இழுத்துச் சேர்த்துக்கொண்டோ தள்ளிவிட்டோ அந்த வட்டாரத்தைத் தன் ஆளுகையில் வைத்திருக்க வேண்டும். நெப்டியூனுக்கு அப்பால் பனிக்கட்டிப் பொருள்கள் ஏராளம், புளூட்டோ அந்தக் கூட்டத்தில் ஒன்று. முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லாததைக் குறுங்கோள் என்கிறார்கள். நிலாவின் குறுக்களவு 3,474 கிலோமீட்டர், புளூட்டோ 2,377தான். ஆனாலும் நிலா குறுங்கோள் ஆகாது, அது பூமியைச் சுற்றுகிறதே.

மூன்றாவது விதியை ஒப்புக்கொள்ளாத விஞ்ஞானிகள் இன்றும் உண்டு. எனக்கு அந்த விதி நியாயமாகவே படுகிறது. 1801இல் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சீரிஸைக் கண்டபோதும் கோள் என்றுதான் வைத்தார்கள். அதே வட்டாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இன்னும் பல வந்ததும் எல்லாவற்றையும் சிறுகோள் என்ற வேறு வகையில் சேர்த்தார்கள். இப்போது சீரிஸும் குறுங்கோள். புளூட்டோ, ஏரிஸ், ஹௌமியா, மாக்கேமாக்கே அதன் கூட்டாளிகள்.

இங்கே சுவேடகோன் பகோடா என்ற புத்தர் கோயிலில் பிறந்த கிழமைக்கு ஒரு மூலை, அதற்கு ஒரு கிரகம் என்று உண்டே. அங்கே நீ பிறந்த புதன் சாயங்காலத்துக்கான ராகு மூலையில் தண்ணீர் ஊற்றுவாயே, நினைவிருக்கிறதா? அங்கே கிரகம் எட்டு, நம் கோயிலில் ஒன்பது. நம் ஒன்பதில் சூரியனும் சந்திரனும் உண்டு, பூமி இல்லை. எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கணக்கு என்று பேரனுக்கு இதைக் காட்டியே சொல்.

2015இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் எடுத்த படத்தையும் அவனுக்குக் காட்டு. புளூட்டோவின் மேல் இதய வடிவில் ஒரு வெளிர்நிறப் பனிப்பரப்பு தெரியும். அதைப் பார்த்த அன்று எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், அவனோடு நிறையப் பேச வேண்டும்.

அன்புடன்,
அப்பா