அழகாக ஆடுவது துரோகமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் டெஸ்ட் கிரிக்கெட் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, விக்கெட்டில் படாமல் போகிற பந்தை அழகுக்காகத் தொட்டு அவுட்டாகிறவன் அணிக்குத் துரோகம் செய்கிறான் என்று அதில் ஒரு வரி. மற்றதெல்லாம் அவரவர் கருத்து, விட்டுவிடுகிறேன். அந்த 'துரோகம்' என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. என் தங்கையின் பேரன் பயிற்சிக்குப் போகிற இடத்தில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். 11 வயதுப் பையன், வெளியே போகிற பந்தைப் பக்கவாட்டில் வெட்டி அடிக்கிற ஸ்கொயர் கட் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவனுக்கு வந்த ஷாட், இனிமேல் அதை ஆடவே மாட்டேன் என்கிறான். நீங்கள் அச்சடித்த ஒரு சொல் எங்கே போய் விழுந்திருக்கிறது பாருங்கள்.

நான் கிரிக்கெட்டில் விழுந்ததே ஒரு ஸ்கொயர் கட்டால்தான். 1975 பொங்கல் டெஸ்ட், சேப்பாக்கம், வெஸ்ட் இண்டீஸ். மாமா கூட்டிக்கொண்டு போனார். அவர்களின் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸ் அது. ஒரு முனையில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்க, மறுமுனையில் அந்தக் குள்ள மனிதர் ஜி.ஆர்.விஸ்வநாத் மணிக்கட்டைக் கடைசி நொடியில் திருப்பிக் கட் செய்துகொண்டே இருந்தார். பந்து போன பிறகுதான் மட்டையின் சத்தம் எங்கள் பக்கம் வந்து சேரும். கடைசி ஆளாகச் சந்திரசேகர் அவுட்டானபோது இந்தியா 190, விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97. அந்த 190-ஐ வைத்துத்தான் கடைசியில் 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். அந்தக் கட்களில் ஒன்று 30-இல் இருக்கும்போது கல்லியில் நின்ற ஃபீல்டர் கையில் போய் விழுந்திருந்தால், உங்கள் கட்டுரையாளர் கணக்குப்படி அவரும் துரோகிதான். அதே ஷாட், அதே கை, விழுந்த இடம் மட்டும்தான் வேறு.

பத்திரமாக ஆட நினைத்தவர்களையும் ராபர்ட்ஸ் அன்று விட்டுவைக்கவில்லை. பந்து எகிறுகிற ஆடுகளத்தில் கட்டை போட்டுக்கொண்டே இருந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாத ஒரு பந்து எப்படியும் வந்தே தீரும். கட் செய்த பந்து போகிற பாயிண்ட் பக்கம் இரண்டு பவுண்டரி போனால்தான் கேப்டன் கீப்பருக்குப் பக்கத்து ஸ்லிப்பிலிருந்து ஒருவரை எடுத்து அங்கே நிறுத்துவார், அப்புறம் மட்டை விளிம்பில் பட்டு எட்ஜ் எடுத்தாலும் பிடிக்க ஆள் இருக்காது. ஆபத்தான ஷாட் அடுத்த ஒரு மணி நேரத்தின் ஆபத்தைக் குறைக்கிறது, இதை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

கட்டுரையாளர் சச்சினைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். 2004 சிட்னியில், ஆஃப் பக்கம் முன்னால் அடிக்கிற கவர் டிரைவை ஒதுக்கிவைத்துவிட்டு 241 அடித்தார் என்பது உண்மைதான், 436 பந்து, என்ன ஒரு கட்டுப்பாடு! ஆனால் அந்த நாளில் எதிர்முனையில் யார் இருந்தார்? லக்ஷ்மண். 178 ரன். சச்சின் மூடிவைத்த ஷாட்டையெல்லாம் அவர் அங்கே ஆடிக்கொண்டிருந்தார், இருவரும் சேர்ந்து 353. ஒருவர் பூட்டியதை இன்னொருவர் திறந்துவைத்ததால் நடந்த கூட்டணி அது. பாதியை மட்டும் எடுத்துப் பாடம் நடத்தினால் எப்படி?

கோலியைச் சொல்வீர்கள். 2014-இல் இங்கிலாந்தில் 10 இன்னிங்ஸில் 134 ரன், 2024-25-இல் ஆஸ்திரேலியாவில் வெளியே போகிற பந்தைத் தொட்டுத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி அவுட். நானும் டிவி முன்னால் தலையில் அடித்துக்கொண்டவன்தான். எந்தப் பந்தை விட வேண்டும் என்பதில் வந்த தவறு அது, அதைத் தாராளமாக எழுதுங்கள். டிரைவே குற்றம் என்றால் அதே இங்கிலாந்தில் 2018-இல் 593 ரன் எப்படி வந்தது?

இங்கிலாந்து ஆட்டக்காரர் டேவிட் கோவருக்கும் இதுதான் நடந்தது. ஆஸ்திரேலியாவில் 1990-91 தொடரில் மெல்போர்னில் 100, சிட்னியில் 123. அடுத்து அடிலெய்டில் உணவு இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பந்தை லெக் பக்கம் ஃப்ளிக் செய்து கேட்ச் கொடுத்தார். இன்றுவரை அந்த ஒரு பந்தைத்தான் பேசுகிறார்கள், இரண்டு சதத்தைப் பேசுவதில்லை. 1993-இல் அவர் சேப்பாக்கத்துக்கு வருவார் என்று நாங்கள் காத்திருந்தோம், அணியில் எடுக்கவே இல்லை. அவர் இல்லாத இங்கிலாந்து இந்தியாவில் மூன்று டெஸ்டும் தோற்றது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி அணியில், பந்து தாண்டிப் போகிற நொடியில் பின்னால் தட்டிவிடுகிற லேட் கட் ஆடப் போய் 9 ரன்னில் அவுட்டானேன். பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் மைதானத்தைப் பத்து சுற்று ஓடவைத்தார். அதற்கு முன் இரண்டு ஆட்டங்களில் அதே ஷாட்டில்தான் பாதி ரன் எடுத்திருந்தேன், அது யாருக்கும் நினைவில்லை. அதன் பிறகு நான் அந்த ஷாட்டை ஆடவில்லை, இரண்டு வருடத்தில் கிரிக்கெட்டே ஆடவில்லை. ஐம்பது வருடம் கழித்து என் வீட்டுப் பையன் அதே முகத்தோடு வந்து நிற்கிறான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முன்பு உங்கள் பத்திரிகையில் டெஸ்ட் ஸ்கோர் முழுதாக வரும். யார் எப்படி அவுட், எத்தனை பந்து, விக்கெட் எந்த ரன்னில் விழுந்தது என்று எல்லாம் இருக்கும், நான் வெட்டி ஒட்டிவைத்த நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது. இப்போது அந்த இடத்தில் ஏலத்தில் யார் எத்தனை கோடிக்குப் போனார் என்று வருகிறது. ஷாட் ஆடுகிற படம்கூட வருவதில்லை, கையைத் தூக்கிக் கத்துகிற படம்தான். இதைப் பற்றி முன்பே இரண்டு கடிதம் எழுதினேன், இரண்டும் வெளியாகவில்லை. பரவாயில்லை, இடம் இருந்திருக்காது.

கட்டுரைக்கு மறுப்பு போடச் சொல்லவில்லை. டெஸ்ட் நடக்கிற வாரங்களில் அந்த முழு ஸ்கோர் அட்டையை மட்டும் மறுபடியும் போடுங்கள், பொடி எழுத்தில் அரைப் பத்தி போதும். சிட்னி ஸ்கோரில் சச்சினுக்குக் கீழே லக்ஷ்மண் பெயரும் இருப்பது பையனுக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
திருவல்லிக்கேணி, சென்னை.