கின்டானா பேர் இல்லாம போர்ச்சுகல் ஹேண்ட்பால் கதையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல போர்ச்சுகல் ஹேண்ட்பால் டீம் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். கோஸ்டா பிரதர்ஸ் மார்டிம், கிகோ ரெண்டு பேரையும் பத்தி நல்லாவே எழுதியிருந்தீங்க, 2025 உலகக் கோப்பை கால் இறுதியில ஜெர்மனிய எக்ஸ்ட்ரா டைம்ல 31-30னு ஜெயிச்சது, நாலாவது இடம் பிடிச்சது எல்லாமே படிக்க சந்தோஷமா இருந்துச்சு. ஆனா கடைசி வரி வரைக்கும் தேடிட்டேன் சார், அந்த டீமோட பழைய கோல்கீப்பர் அல்ஃப்ரெடோ கின்டானா பேர் எங்கயுமே இல்ல. மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

கின்டானா கியூபாக்காரர், 1988ல ஹவானால பிறந்தவர். 2010ல போர்ச்சுகலோட போர்ட்டோ கிளப்புக்கு வந்தவர் கடைசி வரைக்கும் வேற கிளப் பக்கமே போகல, லீக் பட்டம் மட்டும் ஆறு. நடுவுல போர்ச்சுகல் குடியுரிமை வாங்கி நேஷனல் டீமுக்கும் கீப்பர் ஆயிட்டார். அப்ப அந்த டீம் இருந்த நிலைமை என்ன? 2006க்கு அப்புறம் யூரோ, அதாவது ஐரோப்பிய சாம்பியன்ஷிப் பக்கம் தலை வச்சுக்கூட படுக்கல, உலகக் கோப்பையில 2003ல சொந்த நாட்டுல நடந்தப்ப ஆடினதோட சரி.

அந்த டீம்தான் 2020 யூரோவுல முதல் மேட்ச்லயே பிரான்ஸை 28-25னு சாய்ச்சது. அப்புறம் ஸ்வீடனை அவங்க ஊரு மால்மோலயே வச்சு 35-25, பத்து கோல் வித்தியாசம்! ஆறாவது இடம், அதுவரைக்கும் அவங்க யூரோவுல அவ்ளோ மேல வந்ததே இல்ல. அடுத்த வருஷம் எகிப்துல நடந்த உலகக் கோப்பையில பத்தாவது இடம். ரெண்டுலயும் கோலுக்கு முன்னாடி நின்னது கின்டானா.

இங்க கீப்பரோட வேலைய பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா எல்லாரும் யார் எத்தனை கோல் போட்டாங்கங்குற கணக்கத்தான் பாக்குறாங்க. மூணு மீட்டர் அகலம் ரெண்டு மீட்டர் உயரம் கோல், எதிராளி ஆறு மீட்டர் கோட்டுக்கு வெளிய இருந்து எம்பிக் குதிச்சு உள்ள வந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல அடிப்பான், பந்து கைய விட்டு வந்தப்புறம் பாத்து தடுக்கலாம்னா நேரமே கிடையாது, தோள் எப்படி திரும்புது மணிக்கட்டு எப்படி மடியுதுன்னு பாத்து முன்னாடியே முடிவு பண்ணிடணும். மூணுல ஒண்ணு தடுத்தாலே அவரு பெரிய கீப்பர், அப்படின்னா மீதி ரெண்டு உள்ள போறத பாத்துக்கிட்டே மனசு தளராம நிக்கணும். கின்டானா ரெண்டு மீட்டருக்கு மேல உயரம், அந்த உயரத்த வச்சுக்கிட்டு கால் தூக்குற வேகம் இருக்கே, பாத்தவங்களுக்குத்தான் தெரியும். 2016ல ரூல் மாறினதுக்கப்புறம் நிறைய டீம் கீப்பரை வெளிய எடுத்துட்டு, அவருக்கு பதிலா இன்னொரு ஆளை இறக்கி ஏழு பேரா அட்டாக் பண்ணுவாங்க, அந்த மாதிரி நேரத்துல இவரு பந்த தடுத்து எடுத்து அப்படியே மொத்த கிரவுண்டையும் தாண்டி காலி கோலுக்குள்ள எறிஞ்சுடுவார். கீப்பரா இருந்துக்கிட்டே போர்ச்சுகலுக்கு கோலும் போட்டிருக்கார்.

2021 பிப்ரவரி 22, போர்ட்டோல பிராக்டிஸ் நடுவுலயே இதயம் நின்னுபோச்சு. நாலு நாள் ஆஸ்பத்திரில இருந்தார், 26ம் தேதி போயிட்டார். 33 வயசு கூட முடியல. கிளப் அவரோட ஒண்ணாம் நம்பர் ஜெர்சிய இனி யாருக்கும் கிடையாதுன்னு எடுத்து வச்சுட்டாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு பிரான்ஸ்ல மான்பெல்லியேல ஒலிம்பிக் தகுதிப் போட்டி. துக்கம் இன்னும் ஆறாத டீம் அது. குரோஷியாகிட்ட ஒரே ஒரு கோல்ல தோத்தாச்சு, இனி பிரான்ஸை அவங்க மண்ணுலயே ஜெயிச்சா மட்டும்தான் டோக்கியோ. மார்ச் 14, ஸ்கோர் 28-28, கடைசி சில நொடி, பந்து பிரான்ஸ்கிட்ட இருக்கு. போர்ட்டோல கின்டானாவோட சேர்ந்து ஆடின ரூய் சில்வா அந்த பந்த பறிச்சுக்கிட்டு ஓடி கோல் போட்டுட்டார். 29-28. போர்ச்சுகல் ஹேண்ட்பால் டீம் முதல் தடவையா ஒலிம்பிக்ஸ் போச்சு, அந்த வெற்றிய எல்லாரும் கின்டானாவுக்குத்தான் கொடுத்தாங்க. அன்னிக்கு தோத்த பிரான்ஸ்தான் டோக்கியோல தங்கம் வாங்கினது, அதனால அது ஏதோ சாதாரண டீமை ஜெயிச்ச கதைன்னு யாரும் நினைச்சிட வேணாம். டோக்கியோவுக்கு போன கீப்பர்கள்ல ஹும்பெர்டோ கோம்ஸும் ஒருத்தர், வயசு 43.

2025ல நாலாவது இடம் வந்த டீமுக்கும் அதே பாலோ ஜார்ஜ் பெரேராதான் கோச், அதே ரூய் சில்வா அதுலயும் ஆடினார். கோஸ்டா பிரதர்ஸ் பெரிய திறமைசாலிங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா பிரான்ஸையும் ஸ்வீடனையும் ஜெயிக்க முடியும்னு ஒரு டீம் நம்பினதே 2020லதான், அத விட்டுட்டு எழுதினா புதுசா படிக்கிற பசங்க போர்ச்சுகல் ஏதோ திடீர்னு வானத்துல இருந்து குதிச்சதுன்னு நினைச்சுப்பாங்க. கின்டானாவுக்குன்னு தனியா ஒரு பக்கம் ஒதுக்குங்க சார், மால்மோ மேட்சையும் மான்பெல்லியே மேட்சையும் விவரமா எழுதுங்க, போர்ட்டோ ஜெர்சியில அவர் போட்டோவும் கண்டிப்பா போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்